தூளியில் ஆட்டுங்கள், பாயில் கிடத்துங்கள்

விட்டத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய நூல்சேலை. நடுவே தொட்டில் கம்பு. உள்ளே சிணுங்கிய குழந்தை நாலு ஆட்டில் அடங்கிவிடுகிறது. பிள்ளையை அழவிட்டுத் தூங்கப் பழக்கும் முறை நம் வீடுகளுக்கு வேண்டியிருக்கவில்லை, தூளி இருந்தது. அதன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆட்டத்துக்குக் குழந்தை அடங்குவது வெறும் நம்பிக்கை அல்ல. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தார் 2022-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நடந்தால் அழுகை ஓய்கிறது. பல குழந்தைகள் உறங்கியும் விடுகின்றன. உடனே கிடத்தினால் சில விழித்துக்கொள்ளும். உட்கார்ந்து இன்னும் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்து கிடத்துங்கள் என்றார்கள். "நல்லா அசரட்டும், அப்புறம் இறக்கு" என்று பாட்டிமார் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் தூங்க வைப்பது வேறு, தூங்கும் இடம் வேறு. தூளியின் கோளாறு அங்கேதான். துணி குழிந்து குழந்தையின் முதுகு வளைகிறது, மோவாய் நெஞ்சில் படிகிறது. பிஞ்சு மூச்சுக்குழல் அந்த மடிப்பில் ஒடுங்கும். இருபுறச் சேலையும் மூடிக்கொள்வதால் முகமும் தெரியாது. கெட்டியான, தட்டையான பரப்பில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த படுக்கை ஆகாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். "நாங்கள் எல்லோரும் தூளியில் வளரவில்லையா?" என்று கேட்பவர்கள் வளர்ந்தவர்கள். வளராமல் போன பிள்ளை வந்து பதில் சொல்லாது.

இன்னொரு குறை தாயின் உடம்பில் இறங்குகிறது. கைக்குழந்தையின் உறக்கச் சுற்று ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிக்கும். ஆட்டினால்தான் உறங்குவேன் என்று பழகிய குழந்தை அப்போதெல்லாம் ஆட்டம் கேட்கும். தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, அரைத்தூக்கத்தில் இழுத்தபடி படுத்திருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! நாலைந்து மாதம் ஆனதும் ஆட்டத்தை நாளுக்கு நாள் குறைத்து, கண் சொருகும்போதே பாயில் கிடத்தித் தட்டிக்கொடுக்கலாம். சில நாள் சிணுங்கும். பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், அது போதும்.

கடைசியாக இன்னொரு ஆபத்து: பெரிய பிள்ளைகள் தூளியில் சுற்றி விளையாடி, கழுத்து இறுகி இறந்ததைத் தடயவியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தையை இறக்கியதும் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள்.