சேப்பாக்கம்: மாறிய மைதானமும் தொலைவிலிருந்து வரும் பார்வையாளரும்

சென்னையின் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அங்கு நடந்த ஆட்டங்களின் பெருமையோடு நின்றுவிடுகின்றன; அவற்றைக் காண வந்தவர் எங்கே அமர்ந்தார், என்ன விலை கொடுத்தார், எப்படி ஊர் திரும்பினார் என்பவை ஆராயப்படுவதில்லை. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களிலிருந்து வரும் பார்வையாளரை வைத்து நோக்கினால், மைதானத்தின் அண்மைக்கால மாற்றங்கள் இருக்கையில் அமர்ந்தவருக்கு நன்மை செய்திருப்பதும், அந்த இருக்கையை அடையும் வழியைக் கடினமாக்கியிருப்பதும் புலப்படும்.

1846-இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையை ஒட்டிய நிலத்தில் 1860-களில் ஆடத் தொடங்கியது. 1934 பிப்ரவரியில் இம்மைதானத்தின் முதல் டெஸ்ட், அதே ஆண்டு நவம்பரில் முதல் ரஞ்சிப் போட்டி, 1952-இல் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி ஆகிய மூன்றும் இங்கேயே நிகழ்ந்தன. பின்னாளில் அரங்குக்கு எம்.ஏ. சிதம்பரத்தின் பெயர் சூட்டப்பட்டது. அவர், சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். கடலூர், சிதம்பரம் அடங்கிய தென்னார்க்காட்டு ரசிகர்களுக்கு இந்த அரங்கோடு அவ்வகையிலும் ஓர் உறவு உண்டு.

கட்டடங்களைவிட மதிக்கத்தக்கது இங்கு உருவான ரசனை. 1999 ஜனவரி 31 அன்று, டெண்டுல்கர் 136 ரன் எடுத்தும் இந்தியா 12 ரன்களில் பாகிஸ்தானிடம் தோற்றபோது, வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வர, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தோல்வியின் வலியோடு எதிரணியின் திறமையைப் போற்றிய அந்தப் பண்பு ஒரே நாளில் விளைவதன்று. ஐந்து நாள் ஆட்டத்தைப் பொறுமையோடு பார்த்துப் பழகிய தலைமுறைகள் அதை வளர்த்தன. அத்தகையோர் தொடர்ந்து உள்ளே வர முடிகிறதா என்பதே சேப்பாக்கத்தை மதிப்பிடும் முதன்மை அளவுகோலாக இருக்க வேண்டும்.

2011 உலகக் கோப்பைக்காக மேற்கொள்ளப்பட்ட புனரமைப்பு, பார்வையை மறைத்த தூண்களை அகற்றி, இழுவிசைக் கூரை எனப்படும், கம்பிவடங்களால் இழுத்துக் கட்டிய துணிக் கூரைகளை அமைத்தது. ஸ்டாண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கடற்காற்றுக்கும் வழி தந்தது. இது மெய்யான முன்னேற்றம். இதற்கு மாறாக, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் ஃபென்வே பார்க் என்னும் பேஸ்பால் அரங்கு, 1912-இல் திறக்கப்பட்டது முதல் தன் பழைய வடிவைப் பெரிதும் காத்து வருகிறது. கையால் இயக்கும் ஸ்கோர் பலகை இன்றும் அங்கு உள்ளது. ஆயினும் தூண் மறைக்கும் இருக்கைகளும் அங்கே இன்னும் விற்கப்படுகின்றன. சென்னை வெயிலில் நாள் முழுதும் அமர்பவருக்குத் தூணைவிடக் காற்றோட்டமே தேவை என்பதால், சேப்பாக்கம் தேர்ந்த வழியைக் குறைகூற இயலாது.

குறை நிர்வாகத்தில் இருந்தது. புதிதாக எழுந்த ஐ, ஜே, கே ஆகிய மூன்று ஸ்டாண்டுகள், கட்டட அனுமதிச் சிக்கலால் ஏறத்தாழ பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள் பயனற்றுப் போயின. 2019 ஐ.பி.எல். இறுதிப்போட்டி ஹைதராபாத்துக்கு மாறியதற்கும் இதுவே காரணம். 2021-இல் அவை திறக்கப்பட்டன. 2023 மார்ச்சில் கலைஞர் ஸ்டாண்டும் சேர, அரங்கின் கொள்ளளவு 38,000 அளவுக்கு உயர்ந்தது.

இருக்கை கூடியும் எளியவருக்கு வாய்ப்புக் கூடவில்லை. 2024-இல் ஐ.பி.எல். டிக்கெட்டுகள் இணையத்தில் மட்டும் விற்கப்பட்டன. மிகக் குறைந்த விலை 1,700 ரூபாய். கவுன்ட்டர் வரிசைக்காகவே ஒரு முறை சென்னை சென்று வரும் அலைச்சல் இதனால் நீங்கியதால், கடலூர்க்காரருக்கு இது நன்மையாகவே தோன்றும். ஆனால் திறந்த சில நிமிடங்களில் விற்பனை முடிந்துவிடும் முறை, விரைவான இணைய வசதியும் ஓய்வான வேலைநேரமும் உள்ளவருக்கே சாதகமானது. வரிசையில் நின்றவருக்குத் தமக்கு முன்னே எத்தனை பேர் என்பதாவது தெரிந்திருந்தது. திரையின் முன் காத்திருப்பவருக்கு அதுவும் தெரிவதில்லை.

திரும்பும் பயணத்தின் சுமை இன்னும் பெரிது. இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் பதினொரு மணியைத் தாண்டி முடிகிறது. தென்மாவட்ட அரசுப் பேருந்துகளில் பெரும்பாலானவையோ 2023 இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. அரங்கின் அருகிலேயே பறக்கும் ரயில் நிலையம் இருந்தும், அந்த வழி வேளச்சேரிப் பக்கம் செல்வதால், அவற்றில் சிதம்பரம் செல்பவர் நள்ளிரவில் நகரின் தென்கோடிவரை வேறு வண்டி பிடித்தாக வேண்டும். ஆட்ட நாள்களில் சேப்பாக்கத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு நேரடிப் பேருந்துகளை இயக்குவதும், வெளிமாவட்டத்தாருக்கென டிக்கெட்டுகளில் ஒரு பகுதியை அந்தந்த மாவட்டத் தலைநகரிலேயே விற்பதும், புதிய ஸ்டாண்டு ஒன்றைக் கட்டும் செலவில் சிறு பங்கைக்கூடக் கேட்காத ஏற்பாடுகள்.