ஈஸ்ட்டும் கமீரும்

லாகூரிலோ பழைய டெல்லியிலோ பேக்கரி வாசலில் நின்று உருது கேட்டால் பாதி ஆங்கிலம் காதில் விழும். கேக், பிஸ்கட், பன், பேஸ்ட்ரி எல்லாம் அப்படியே புழங்குகின்றன. பிரெட் ‘டபுள் ரொட்டி’ ஆயிற்று. சோடா உப்புக்கு ‘மீட்டா சோடா’, அதாவது இனிப்புச் சோடா, என்று பெயர். ‘ஈஸ்ட்’டும் வந்துவிட்டது; டிவி சமையல் நிகழ்ச்சிகளில் பாக்கெட்டைப் பிரிப்பவர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

அகராதியைப் புரட்டினால் ஈஸ்ட்டுக்கு உருதுவில் ‘கமீர்’ என்றிருக்கும். தொண்டையில் உரசி எழும் ககரத்தோடு சொல்ல வேண்டிய அரபுச் சொல் இது. ஈஸ்ட் என்றால் கமீர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் அகராதிகள் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. புளிக்கவைக்கும் பொருளும் கமீர்தான், புளித்த மாவும் கமீர்தான், மனிதனின் பிறவிக் குணமும் கமீர்தான்.

‘அது அவன் ரத்தத்திலேயே ஊறியது’ என்று தமிழில் சொல்கிற இடத்தில், அது அவன் கமீரில் இருக்கிறது என்பார்கள் உருதுக்காரர்கள். சொந்த ஊரைப் பற்றிப் பேசும்போது ‘மேரா கமீர் இஸீ மிட்டீ ஸே உட்டா ஹை’ என்பது வழக்கம்: என் கமீர் இந்த மண்ணிலிருந்தே எழுந்தது. தட்டில் மாவு உப்பி எழுவதற்கும் இதே வினைச்சொல்தான். ஆதமின் களிமண்ணை இறைவன் 40 காலைகள் பிசைந்து புளிக்கவைத்தான் என்று சூஃபி மரபில் ஒரு செய்தி உண்டு. அதை அறிந்தவர்களுக்கு இந்த வழக்கு வெறும் உவமையாகத் தோன்றாது.

ஒரே பொருளை ஒவ்வொரு மொழியும் வேறுவிதமாகப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறது. ‘ஈஸ்ட்’ பிறந்த வேர் கொதிப்பையும் நுரையையும் குறிப்பது. தமிழ் விவிலியம் ‘புளித்தமா’ என்று நாக்கின் சுவையைப் பிடித்துக்கொண்டது. கமீரின் அரபு வேருக்கு மூடுதல் என்று பொருள்; தலையை மூடும் ‘கிமார்’, அறிவை மூடும் ‘கம்ர்’ என்ற மது, இரண்டும் அதே வேரில் கிளைத்தவை.

அந்த மூடுதலை நான்பாயின் கடையில் கண்ணாலேயே பார்க்கலாம். ரொட்டி சுடுபவருக்கு உருதுவில் ‘நான்பாய்’ என்று பெயர். பழைய மாவில் ஒரு பிடியைப் புது மாவோடு சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி வைக்கிறார். பிசைவதற்கு அவர் சொல்லும் வினை ‘கூந்த்னா’; தலை பின்னுவதற்கும் பூத்தொடுப்பதற்கும் அதே சொல்தான். மாவு எழுந்ததும் ‘பேடா’ எனப்படும் உருண்டைகளாகக் கிள்ளித் தட்டி, தந்தூரின் சுவரில் ஒட்டுகிறார். தடித்து, பஞ்சுபோல் வெந்து வரும் அந்தக் கமீரி ரொட்டியைத்தான் டெல்லியில் நிஹாரிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். புளிக்கவைக்காத ரொட்டிக்கு ‘ஃபதீரி’ என்று தனிப்பெயர் இருக்கிறது.

யுனானி மருந்துக் கடையிலும் இந்தச் சொல்லின் வாரிசைக் காணலாம். குழைத்துக் குழைத்து நுரைக்க அடித்த லேகியத்துக்கு ‘கமீரா’ என்று பெயர். கமீரா காவ்ஸபான் அவற்றில் பேர்பெற்றது. ஹூக்காவுக்காகப் பதப்படுத்திய வாசனைப் புகையிலையும் கமீராதான்.

இன்று உருதுச் சமையல் குறிப்புகளில் ஈஸ்ட்டும் கமீரும் அக்கம்பக்கமாகவே வருகின்றன. ஒரு ஸ்பூன் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான பாலில் கரைத்து மாவில் ஊற்றிப் பிசையச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே கமீர் எழும்வரை மூடி வைக்கச் சொல்கிறார்கள்.