காலடி எண்ணும் கைப்பட்டை – ஒரு விமர்சனம்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். ஓர் எட்டுக்கு 70 சென்டிமீட்டர் என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு 20,000 காலடிகள் ஆகின்றன. இக்கணக்கைப் போட இன்று தாளும் பென்சிலும் வேண்டியதில்லை. மணிக்கட்டில் கட்டிய ‘ஃபிட்னஸ் பேண்ட்’ என்னும் கைப்பட்டையே கூட்டிச் சொல்லிவிடுகிறது.

நலமாக இருப்பவருக்கு இது ஒரு நல்ல பொழுதுபோக்கு. ஆனால், இதயத்திலோ வயிற்றிலோ மூட்டிலோ அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களும் இன்று இப்பட்டையைக் கட்டிக்கொள்கிறார்கள். வெளியூரிலுள்ள பிள்ளைகள் அன்போடு வாங்கி அனுப்புகிறார்கள். இது அவர்களுக்கு ஏற்ற துணைதானா? இதையே இங்கு ஆராய்வோம்.

நடையும் ஒரு மருந்தே

அறுவைக்குப் பின் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. ஆனால், படுத்தே கிடந்தால் கால் சிரைகளில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்த உறைகட்டி பெயர்ந்து சென்று நுரையீரல் நாளத்தை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நுரையீரலின் அடிப்பகுதி நன்கு விரியாமல் சளி தேங்கி நிமோனியாவும் வரலாம். தசைகளும் இளைத்துவிடும். டென்மார்க் நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990-களில் வகுத்த துரித மீட்பு முறையில், நோயாளியை விரைவில் எழுப்பி நடக்கவிடுவது முக்கியமான ஓர் அங்கம். ஆகவே, நடக்கத் தூண்டும் கருவியை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட முடியாது.

கருவி எதைக் காண்கிறது?

கைப்பட்டை காலைப் பார்ப்பதில்லை. கையின் அசைவைத்தான் உணர்கிறது. அதனுள்ளே சிலிக்கானால் ஆன மிகச் சிறிய முடுக்கமானி ஒன்று இருக்கிறது. நடக்கும்போது கை வீசுவதாலும் உடல் குலுங்குவதாலும் எழும் சீரான அலையைக் கணக்கிட்டு, அதைக் காலடி என்று கொள்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அறுவை முடிந்தவர் எப்படி நடப்பார்? மெதுவாக, கால்களைத் தேய்த்தபடி, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடப்பார். அல்லது இரு கைகளாலும் வாக்கரைப் பிடித்து நடப்பார். கை வீசவில்லை, குலுக்கலும் இல்லை. எனவே, பல காலடிகள் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகின்றன. வலியைப் பொறுத்துக்கொண்டு கூடத்தை நான்கு முறை சுற்றியவரிடம், ‘நீ நடக்கவே இல்லை’ என்பதுபோல் திரை கைவிரிக்கிறது! ஐயமிருந்தால் வாயால் எண்ணி நூறு காலடி நடந்து, பட்டை என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைவிட விந்தையான குறை ஒன்றும் உண்டு. வீட்டிலிருந்து தெருமுனைக்குப் போய்வர 450 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் எட்டு ஒன்றுக்கு 45 சென்டிமீட்டர். ஆக 1,000 காலடி. சில வாரங்களில் உடல் தேறி, எட்டு 60 சென்டிமீட்டர் ஆகிறது. இப்போது அதே தூரத்துக்கு 750 காலடியே போதும். உடல் முன்னேறியிருக்கிறது, எண்ணிக்கையோ கால் பங்கு குறைந்துவிட்டது! மருத்துவமனைகளில் ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு. அதில் காலடியை எண்ணாமல், ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்று பார்ப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான பட்டைகள் நாளொன்றுக்கு 10,000 காலடி என்ற இலக்கோடு பிரபலமாயின. இந்த எண் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்ததன்று. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அதையடுத்து 1965-இல் யாமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் ‘மான்போ-கே’ என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘பத்தாயிரம் காலடி மானி’ என்பதே அப்பெயரின் பொருள். சரக்கின் பெயர் நாளடைவில் உடல்நல விதியாகிவிட்டது!

அமெரிக்காவில் ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றியது. தினம் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500-க்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. இதுவும் பொதுவான முதியோரைப் பற்றியதே. தையல் பிரிக்காதவருக்கு இதை இலக்காக்க முடியாது.

நாடிக் கணக்கும் மருந்தும்

பட்டையின் அடியில் பச்சை ஒளி மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் அவ்வொளியை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி மாறுவதைக் கொண்டு நாடி கணிக்கப்படுகிறது. அமர்ந்திருக்கையில் இது பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால், 220-இலிருந்து வயதைக் கழித்து, அதையே உச்ச நாடியாகக் கொண்டு ‘போதிய உடற்பயிற்சி இல்லை’ என்று தீர்ப்பளிக்கும்போது பட்டை தவறுகிறது. இதய அறுவைக்குப் பின் பலருக்கும் பீட்டா தடுப்பான் மாத்திரைகள் தரப்படுகின்றன. நாடியை அடக்குவதே அவற்றின் வேலை. மருந்து தன் கடமையைச் செய்வதை, சோம்பல் என்று கருவி எழுதிவைக்கிறது. அந்தச் சொல்லை நம்பி நடையை விரட்டினால் என்னாகும்?

எப்படிப் பயன்படுத்தலாம்?

எஜமானாக வேண்டாம், கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் என்ற இலக்கை மாற்றிவிடுங்கள். மருத்துவர் சொன்ன நிமிடக் கணக்கே உங்கள் இலக்கு. பிறருடைய எண்ணோடு ஒப்பிடாமல், உங்களுடைய போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். நடக்கும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு தடைப்பட்டு மூச்சிரைத்தால் வேகம் அதிகம். நிமிடம், தூரம், வலி, மறுநாள் காலைக் களைப்பு ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறியுங்கள். பட்டை அறியாத செய்திகள் அதில்தான் இருக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மார்பு வலி, மயக்கம், காய்ச்சல், புண்ணில் சிவப்பு அல்லது நீர்க்கசிவு கண்டாலோ, எண் எதுவாயினும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அறுவை முடிந்தபின் கிரிவலம் போக ஆசைப்படுவது இயல்பே. அது ஆகுமா என்பதற்கு நேற்றைய காலடி எண்ணிக்கை உத்தரவாதமாகாது. காயம் ஆறிவிட்டதா, எலும்பு கூடிவிட்டதா, பௌர்ணமிக் கூட்டத்தின் இடிபாட்டை உடல் தாங்குமா என்பவை எந்தத் திரையிலும் தெரியாதவை. அதுவரை தெருமுனை வரை போய்வருவதே போதும். அசைவை அளக்கும் கருவி கையில் இருக்கிறது. ஆறுதலை அளக்கும் கருவி இன்னும் கடைக்கு வரவில்லை.