கார்மின் இன்ஸ்டிங்க்ட் 2: தேக்காவில் பிசகும், தெங்போச்சேயில் கைகொடுக்கும்

ஐந்து பொத்தான், கறுப்பு வெள்ளைத் திரை, வாரக்கணக்கில் தாங்கும் பேட்டரி. 2022ல் வந்த கடிகாரம் என்பதால் இவையெல்லாம் வாங்க நினைப்பவருக்குத் தெரிந்தவைதான். சிங்கப்பூரில் இதைக் கட்டுபவரைச் சலிக்க வைப்பது அதன் உயரமானி. தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியை நிறுத்தி, உயரமானியை மட்டும் இயங்கவிட்டு, முற்பகலில் தேக்கா சந்தையில் அளவைச் சரியாக வையுங்கள். மாலை ஐந்து மணிவாக்கில் அதே இடத்தில் நின்று பார்த்தால், 25 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டதாகக் காட்டும். ஒரு படிகூட ஏறாதவரை வீவக புளோக்கின் ஒன்பதாம் மாடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. எரிச்சல் வருவது நியாயம்தான். அதற்காகக் கடிகாரத்தையே ஒதுக்குவது சரியல்ல.

கடிகாரம் உண்மையில் அளப்பது காற்றழுத்தத்தை. உயரம் அதிலிருந்து கணக்கிட்டுச் சொல்வது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். முற்பகல் உச்சத்திலிருந்து மாலைக்குள் சிங்கப்பூரில் மூன்று ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் சரியும். கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். ஆக, கருவி கோளாறாகவில்லை, நம் வானத்தைச் சரியாகவே படிக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா உச்சியே 163.63 மீட்டர்தான். அதில் 25 மீட்டர் பிசகினால் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. குன்று சிறியது என்பதால் பிழை பெரிதாகத் தெரிகிறது.

இதே கடிகாரத்தை நேபாளத்தின் நாம்சே பஜாரிலிருந்து தெங்போச்சேக்கு நடக்கும் நாளில் வைத்துப் பாருங்கள். நாம்சே 3,440 மீட்டர், தெங்போச்சே 3,860. வரைபடத்தில் 420 மீட்டர் ஏற்றம்தானே என்று கிளம்புபவரை இடையிலுள்ள தூத்கோசி ஆறு ஏமாற்றிவிடும். பாதை ஆற்றங்கரையிலுள்ள புங்கி தெங்காவுக்கு, சுமார் 3,250 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து ஒரே மூச்சாக 600 மீட்டர் ஏறுகிறது. கடல்மட்டத்திலிருந்தே கணக்கிட்டாலும் புக்கிட் தீமாவை ஏறக்குறைய நான்கு முறை ஏறுவதற்குச் சமம், அதுவும் ஆக்சிஜன் குறைந்த காற்றில். அந்த ஏற்றத்தில் 25 மீட்டர் பிழையை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. கடந்தது 200, மிச்சம் 400 என்று தெரிந்தால் போதும். எங்கே உட்காருவது, தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று முடிவெடுக்கலாம். கிலோமீட்டர் கணக்கு அங்கே உதவாது. சிங்கப்பூரின் ரயில் பாதை நடைவழியில் பழகிய வேகக் கணக்கை அந்தச் சரிவில் நம்பினால் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது. மலைநடைக்கும் கடிகாரங்கள் தூரத்தையும் வேகத்தையுமே முன்னால் நிறுத்துவது எனக்குத் துளியும் பிடிக்காத வழக்கம். அமைப்பில் போய் உயரத்தை முதல் திரைக்குக் கொண்டுவருவது அவசியம்.

ஜிபிஎஸ்ஸே உயரம் சொல்லுமே என்பார்கள். சொல்லும், ஆனால் அதன் எண்களில் பலவீனமானது உயரம்தான். செயற்கைக்கோள்கள் நமக்கு மேலே மட்டுமே இருக்கின்றன. ஆழமான பள்ளத்தாக்கில் அவற்றிலும் பாதியை முகடுகள் மறைத்துவிடும். கைபேசி போதாதா என்ற கேள்வியில் இன்னும் நியாயம் உண்டு. இன்ஸ்டிங்க்ட் 2 திரையில் விரிவான வரைபடம் கிடையாது, நடந்த தடம் ஒரு கோடாகத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே வழி பார்க்கக் கைபேசியும் வேண்டும். ஆனால் குளிரில் கைபேசி பேட்டரி சீக்கிரம் இறங்கும், கையுறையோடு தொடுதிரையைத் தடவுவதும் சிரமம். பொத்தான் அங்கே உபகாரம். தேநீர் விடுதிகள் நிறைந்த தெளிவான பாதைக்குக் கருவி எதற்கு என்பவர்களுக்கு மருத்துவமே பதில் சொல்கிறது: 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலைமருத்துவத்தின் பொது அறிவுரை. பாதை தெளிவாக இருப்பதால் உடல் பழகிவிடாது.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஓடுவதற்கு மட்டும் என்றால் இதை வாங்க வேண்டாம். இதைவிட மலிவானது போதும். மலைக்குப் போகிறவர்கள் வாங்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நாம்சே குதிரை லாட வடிவில் அடுக்கடுக்காக அமைந்த ஊர், கீழ்வரிசை விடுதிக்கும் மேல்வரிசைக்கும் உயர வித்தியாசம் நிறைய. ஊரின் பொது எண்ணை அப்படியே பதியாமல், உங்கள் விடுதி இருக்கும் இடத்தின் உயரத்தை வரைபடத்தில் பார்த்து, காலையில் கிளம்பும் முன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.