பெரும்பொழுது இல்லாத நீர்: ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ விளையாட்டில் நீர்வானூர்தி

முன்னுரை

மெக்சிகோ நாட்டின் ஸ்குவாட் நிறுவனம் 2015 ஏப்ரலில் முழுப் பதிப்பாக வெளியிட்ட ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’, விண்கலங்களையும் வானூர்திகளையும் உறுப்பு உறுப்பாகக் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டாகும். இதில் கதை மிகக் குறைவு. விதிகளே இதன் பொருளைத் தீர்மானிக்கின்றன. இவ்விளையாட்டில் நீர்வானூர்தியை வடிவமைத்து நீரில் இறக்கும் செயலை, நிலமும் பொழுதும் முதற்பொருள் என்னும் தொல்காப்பியக் கோட்பாட்டின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவமைப்பு

2015 நவம்பரில் வந்த பதிப்பு மிதப்பு விதிகளைத் திருத்தியமைத்தது. நீரில் படாதிருக்க எந்திரத்தை உயர்த்திப் பொருத்தினால், அதன் உந்துவிசை எடைமையத்திற்கு மேலே அமைந்து மூக்கைக் கீழ்நோக்கி அழுத்தும். உண்மையான நீர்வானூர்திகளை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் இதே சிக்கலை ஆடுபவரும் எதிர்கொள்கிறார். ஒவ்வோர் உறுப்பும் தாங்கும் மோதல் வேகத்திற்கு வரம்பு உண்டு. அதனை மீறி இறங்கினால் ஊர்தி சிதறும். சூத்திரம் எதுவும் சொல்லாமல், தோல்வியின் வாயிலாகவே சமநிலையை உணர்த்துவது இவ்விளையாட்டின் சிறப்பு.

நீரின் உயரம்

குறை நீரில் தொடங்குகிறது. விளையாட்டின் கோளாகிய கெர்பினில் நீர்ப்பரப்பு அனைத்தும் ஒரே மட்டத்தில் உள்ளது. அம்மட்டமே உயரமானியின் சுழியம். அலையற்ற, கண்ணாடி போன்ற நீரின்மேல் தம் உயரத்தைக் கண்ணால் கணிக்க இயலாமை உண்மையான வானோடிகளுக்குப் பெரும் இடர். ஆகவே, அவர்கள் எந்திர விசையை விடாமல், நிமிடத்திற்குச் சுமார் 150 அடி என்னும் மென்மையான இறக்கத்தைப் பேணுவர். விளையாட்டில் இவ்விடர் ஓர் எண்ணைப் பார்த்ததும் தீர்ந்துவிடுகிறது.

கெர்பினின் அச்சு சாய்வதில்லை. எனவே பருவங்களும் இல்லை. பகலும் இரவும் மாறி வருகின்றன. காரும் கூதிரும் வருவதில்லை. அதாவது, சிறுபொழுது உண்டு, பெரும்பொழுது இல்லை. பெருகாத, வற்றாத அந்நீர் கடலாக மட்டுமே இருக்க முடியும். கரையும் மதகும் கலங்கலும் கொண்டு, கடல்மட்டத்திற்கு மேலே மழையைத் தேக்கும் ஏரிக்கு அவ்வுலகின் விதிகளில் இடமில்லை.

ஏரியில் இறங்கிய வானூர்தி

இவ்விடுபாடு தமிழ்நிலத்திற்குச் சிறிதன்று. இரண்டாம் உலகப்போரின்போது, பிரித்தானிய வான்படையின் 240ஆம் படையணி சென்னையை அடுத்த புழல் ஏரியிலிருந்து கேட்டலினா பறக்கும் படகுகளை இயக்கியது. அவை இறங்கியது கடலில் அன்று. மழையை நம்பிய நீர்த்தேக்கத்தில். இன்று புழலின் முழுக் கொள்ளளவு மட்டம் 21.20 அடி. அத்தகைய நீரில் இன்றைய மட்டம் என்ன என்பதே வானோடியின் முதல் வினா. ‘கடல்விமானம்’ என்னும் நேர்மொழிபெயர்ப்பைவிட ‘நீர்வானூர்தி’ பொருத்தமான கலைச்சொல் என்பதற்கும் புழலே சான்றாகும்.

விளையாட்டு உலகை அப்படியே படியெடுக்க வேண்டியதில்லை என்று வாதிடலாம். அது சரியே. ஆயினும், எதனை எளிமைப்படுத்துவது என்பதும் ஒரு தேர்வு. எடைமையத்தை நுணுகிக் கணக்கிடும் விதிகள், நீரை உயரமும் பருவமும் உரிமையாளரும் அற்ற வெற்றுத் தளமாகக் கொள்கின்றன. இறங்கும் ஊர்திக்கு வரலாறு உண்டு. ஏற்கும் நீருக்கு இல்லை.

முடிவுரை

சேரப்பணஞ்சேரியை உள்ளடக்கிய திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி, ஏரி மாவட்டம் எனப்பட்ட பழைய செங்கற்பட்டின் ஒரு பகுதியாகும். வல்லம்–வடகாலில் இன்று வானூர்தித் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. வானூர்தியின் உறுப்புகளைப் பற்றிய அறிவும் ஏரியைப் பற்றிய அறிவும் ஒரே நிலத்தில் அருகருகே இருக்கின்றன. முன்னதை மட்டும் கற்பிக்கும் விளையாட்டு, பின்னதை இடையூறற்ற காலி வெளியாகக் காணப் பழக்குகிறது. தொழில் வளரும் ஏரி நிலத்தில் இப்பார்வை விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. விளையாட்டுத் திறனாய்வு விதிகளுக்குள் முதற்பொருளைத் தேட வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.