பதினேழு என்றாள் போட்டிக்காரி

குதிரை லாயத்துப் பெண்பிள்ளைகளைப் போலப் போட்டி போடவும் தெரிந்து, ஒட்டிக்கொண்டு திரியவும் தெரிந்தவர்களை நான் எங்கும் கண்டதில்லை! அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்கு வெளியே உள்ள லாயத்துக்குப் போகிற காலைகள்தான் எனக்கு வாரத்திலேயே பிடித்தவை. போய் இறங்கியதும் யாரும் சவாரிக்கு ஓடுவதில்லை. முதலில் சாணி அள்ள வேண்டும், பிறகு குளம்பு சுரண்ட வேண்டும். கொச்சி மழையில் ஈரம் தங்கினால் குளம்பின் அடி அழுகிவிடும் என்பதை இந்தப் பதினாலு வயதுக்காரிகள் எனக்குப் பாடமே எடுத்தார்கள்.

போட்டி கடுமையானது. தடை தாண்டும்போது ஒரு கட்டை விழுந்தால் நான்கு தவறுப் புள்ளிகள். என் அக்கா மகளும் அவள் உயிர்த்தோழியும் ஒருத்தி புள்ளியை ஒருத்தி மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் இருவருக்கும் குதிரை ஒன்றுதான். முன்னால் போகிறவள் அதை வாட்டினால் பின்னால் ஏறுகிறவளுக்குத்தான் நஷ்டம். அதனால் எதிராளிக்குச் சேணவாரை இறுக்கிவிடுவதில் அவர்கள் காட்டும் அக்கறை இருக்கிறதே, அடடா!

இவர்களின் தெய்வம் மலப்புரம் மாவட்டத்துத் திரூர்க்காரியான நிதா அஞ்சும் சேலாட். 2023இல் பிரான்சின் காஸ்தெல்சாக்ராவில் நடந்த இளையோர் உலக நெடுந்தூரக் குதிரையேற்றப் போட்டியில் 120 கிலோமீட்டரை 7 மணி 29 நிமிடத்தில் முடித்தார். அதற்கு அடுத்த ஆண்டு மொன்பாசியேவில் பெரியவர்களோடு 160 கிலோமீட்டர்! நெடுந்தூரப் போட்டியில் வேகம் மட்டும் போதாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கால்நடை மருத்துவர் பார்ப்பார். பொதுவாக, குதிரையின் இதயத் துடிப்பு குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64க்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டாலும், நடையில் நொண்டல் தெரிந்தாலும், அதோடு வெளியேற்றம்தான்.

எங்கள் பிள்ளைகள் இதையே பயிற்சியில் செய்து பார்க்கிறார்கள். ஓட்டி வந்தவள் இறங்கியதும், மற்றவள் குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பதினைந்து நொடி எண்ணுவாள். பதினாறைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் என் அக்கா மகள் முதலில் ஓட்டி வந்து இறங்கினாள். தோழி எண்ணி முடித்து நிமிர்ந்து "பதினேழு" என்றாள். தோழிக்காக ஒன்றைக் குறைத்துச் சொல்லவுமில்லை, போட்டிக்காக ஒன்றைக் கூட்டவுமில்லை. இவளும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு பேருமாக வாளி வாளியாகக் கழுத்தில் தண்ணீர் ஊற்றி, வழித்து, மறுபடி ஊற்றினார்கள். புழுக்கத்தில் வியர்வை லேசில் காயாது; அந்தத் தண்ணீர்தான் குதிரையை ஆற்றும். அடுத்த எண்ணிக்கையில் பதினைந்து! நான் கைதட்டிய தட்டில் பக்கத்துக் கொட்டிலிலிருந்த குட்டைக் குதிரை மிரண்டே போயிற்று.

ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா 41 ஆண்டுகளுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் தங்கம் வென்றதே, அந்த நால்வர் அணியில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என இருவர் பெண்கள். அந்தப் பெயர்களையும் இவர்கள் லாயச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்களே, ஒரு தடவை லாயத்துக்கு அழைத்துப் போங்கள்! அடுத்த நெடுந்தூர ஓட்டத்தில் எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் தண்ணீர் தூக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிவிட்டேன்.