பஜனைக்குப் போதுமான செட்டு

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும், சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களில் பஜனை என்றால் இன்றும் ஹார்மோனியம், தபேலா, ஜால்ரா, நாலைந்து குரல்கள்தான். இதற்கு ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்குவது எனக்கு ஒப்பவில்லை.

ஆம்பிளிஃபையர் உள்ளேயே இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஸ்டாண்டு, சின்ன மிக்சர், நான்கு மைக். இது போதும். 1966இல் வந்த ஷூர் எஸ்எம் 58 மைக் இன்றும் மேடைகளில் நிற்கிறது. முன்னால் வரும் குரலை வாங்கி, பின்னால் வருவதைத் தள்ளும் அதன் குணம் எத்தனை அழகு! ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து, தலைகளுக்கு மேலே நிறுத்தினால் அந்தக் குணம் முழுதாகப் பயன்படும். பாடகருக்குப் பின்னால் வைத்தால் ஸ்பீக்கர் சத்தமே மைக்கில் ஏறிக் கூவும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், காசு செலவில்லாமல்.

தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் சத்தத்தைத் திருப்பியடிக்கும். அங்கே எக்கோ போடுவது பாட்டின் சொற்களைக் கொல்வது. குரல் மைக்கில் அடிச்சத்தத்தை (பேஸ்) வெட்டிவிட்டால் ஹார்மோனியத்துக்கு இடம் கிடைக்கும்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: வாடகை பேசும்போது எத்தனை வாட்ஸ் என்று கேட்பதற்கு முன், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேளுங்கள்.